அண்டை வீட்டார் சொன்னபடி

எங்கள் ஊரில் வறுமை ஒழிந்த செய்தியை எழுதியவன் நான். மொத்தம் பதினோரு வரி. மாவட்டப் பக்கத்தின் கீழ்மூலையில், ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே வந்தது. போடிநாயக்கனூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்த காலத்தில் நான் அனுப்பியவற்றில் ஒரு எழுத்துகூட மாறாமல் அச்சானது அது ஒன்றுதான். காரணம், அதில் என் எழுத்து ஒன்றுமே இல்லை. அரசு அலுவலகத்தில் கொடுத்த குறிப்பை அப்படியே அனுப்பியிருந்தேன்.

செய்தி இதுதான்: கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பில், ஒரு கிராமத்தின் கீழத்தெருவில் ஏழைக் குடும்பம் ஒன்றுகூட இல்லை என்று தெரியவந்துள்ளது. இளைஞர்களும் அரசும் கைகோத்ததால் கிடைத்த வெற்றி இது என்று அதிகாரி தெரிவித்தார்.

அந்தக் கீழத்தெரு என் வீட்டிலிருந்து நடந்தால் மூன்று நிமிடம். நான் நடக்கவில்லை.

ஊர், போடிக்கும் ராசிங்காபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. கீழத்தெருவில் இருபத்திரண்டு வீடுகள். காலை ஐந்து மணிக்குத் தெருமுனைக்கு இரண்டு ஜீப்புகள் வரும். ஐந்தே காலுக்கு மேல் தெருவில் ஆள் இருக்காது. ஜீப்புகள் போடியைக் கடந்து, போடிமெட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குந்திக் குந்தியே எடுக்க வேண்டும். மாலை ஆறரைக்குத் திரும்பி வரும்போது விரல்கள் கறுத்திருக்கும். திங்கள் முதல் சனி வரை இப்படி. ஞாயிறு ஒரு நாள் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

கணக்கெடுப்பு தொடங்கிய விழா போடியில், குளிர்சாதன வசதியுள்ள திருமண மண்டபம் ஒன்றில் நடந்தது. அதற்கு முன் மாணவர்கள் மஞ்சள் நிறச் சட்டையும் தொப்பியும் அணிந்து பேருந்து நிலையத்திலிருந்து ஊர்வலமாக வந்தார்கள். சட்டைகள் எல்லாம் ஒரே அளவு. மாணவர்கள் அப்படி இல்லை. 'வறுமை ஒழிப்பில் இளைஞர்களின் பங்கு' என்ற தலைப்பில் பேச்சுப் போட்டியும் வைத்தார்கள். பத்திரிகைக்காரன் என்பதால் நடுவர்களில் ஒருவனாக என்னையும் உட்காரவைத்தார்கள். எத்தனை பேர் பேசினார்களோ அத்தனை பேரும் விழிப்புணர்வு வேண்டும் என்றார்கள். யாருக்கு, எதைப் பற்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் பரிசு வாங்கிய பெண் கீழத்தெருக்காரி. போடிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளும் விழிப்புணர்வு என்றுதான் பேசினாள். மற்றவர்களைவிடச் சுருக்கமாக முடித்தாள் என்பதற்காக நான் மதிப்பெண் போட்டேன்.

மறுவாரம் மாணவர்கள் கைபேசியோடு ஊர்களுக்குப் போனார்கள். சொந்த ஊரில் எடுக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தவர்களுக்குச் சாதகமாக எழுதிவிடுவார்களாம். நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை. கைபேசியில் இருந்த செயலி வீட்டில் ஆள் உண்டா என்று கேட்கும். உண்டு என்றால் கேள்விகள் வரும். இல்லை என்றால் இரண்டே வழி: 'குடிபெயர்ந்துவிட்டனர்', அல்லது 'அண்டை வீட்டார் சொன்னபடி'. வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எழுத இடம் இல்லை. ஏழைகள் பகலில் வேலைக்குப் போவார்கள் என்பது செயலியைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்காது.

குடிபெயர்ந்துவிட்டனர் என்று போட்டால் குடும்பமே கணக்கிலிருந்து போய்விடும். எங்கள் கீழத்தெருவுக்கு வந்த இரண்டு மாணவர்களும் நல்ல பிள்ளைகள். பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு, அப்படிப் போட மனம் வராமல், அண்டை வீட்டாரைத் தேடினார்கள். தெருவில் இருந்தவர் ஒரே ஒருவர்.

அவர் பழைய ஜீப் ஓட்டுநர். கண் பார்வை மங்கியதால் சில ஆண்டுகளுக்கு முன் ஓட்டுவதை விட்டவர். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இருபத்தொரு வீட்டுக்கும் அண்டை வீட்டாராக அன்று அவரே பதில் சொன்னார். தன் வீட்டையும் குறைத்துச் சொல்லவில்லை. அவர் சொன்னபடி எழுதியதுதான் வெற்றி. அந்த வெற்றியைத்தான் நான் பதினோரு வரியில் அனுப்பினேன்.

இது எனக்குத் தெரியவந்தது பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண்ணின் அம்மா மூலம். கணவர் இல்லாதவர், மகளை ஏலத்தோட்ட வேலையில்தான் படிக்கவைக்கிறார். அவருடைய வீடு மண்சுவரும் தகரமும். போன மழையில் கிழக்குச் சுவர் பாதி சரிந்து விழுந்துவிட்டது. அம்மாவும் மகளும் மேற்கு ஓரத்தில் படுத்துக்கொள்கிறார்கள். அரசு வீட்டுக்கு மனுக் கொடுத்து, கிடைத்துவிடும் என்று சொல்லப்பட்டு, காத்திருந்தவர். இந்தக் கணக்கெடுப்பில் வரும் பட்டியலில் இருந்தால் வீடு. இல்லையென்றால் அடுத்த பட்டியல் எப்போது என்று சொல்ல ஆள் கிடையாது. ஐப்பசி மழை வர இரண்டு மாதம் இருந்தது. மீதிச் சுவர் அதைத் தாங்காது என்று பார்த்தாலே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணே, எங்க வீட்டுல ரெண்டு கறவ மாடு நிக்கிதாம். பிரிட்ஜு இருக்காம். ஆபீசுல சொல்லி அனுப்பிட்டாக. பேரு இல்லையாம்" என்றார் அம்மா.

"யாரு சொன்னா மாடு இருக்குன்னு?"

"பக்கத்து வீட்டுல சொன்னாகன்னு போட்டுருக்காம்."

மூவரும் ஜீப் ஓட்டுநர் வீட்டுக்குப் போனோம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவது வழக்கம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

"ரெண்டு பேரு வந்தாக மாப்ளே. ஒரு பையன், ஒரு பொம்பளப்புள்ள. நல்ல உடுப்பு. பக்கத்து வீட்டுல எத்தன பேரு, என்ன சோலி பாக்காக, வீடு சொந்தமா, மாடு கன்னு உண்டான்னு பக்குவமாக் கேக்காக. கல்யாண வயசுல புள்ள இருக்கிற வீட்டப் பத்தி அசலூர்க்காரக வந்து இப்பிடிக் கேட்டா, அதுக்கு என்ன அர்த்தம்? நீயே சொல்லு."

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் எடுக்கவோ கொடுக்கவோ நினைப்பவர்கள் நேராக அந்த வீட்டுக்குப் போக மாட்டார்கள். முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். விசாரிக்கப்படுபவர் நல்லபடியாகச் சொல்ல வேண்டும். உள்ளதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் பிழையில்லை. குறைத்துச் சொன்னவன் வீட்டு விசேஷத்துக்கு அந்தத் தெருவில் யாரும் போக மாட்டார்கள்.

"அதுக்காக பிரிட்ஜா மாமா?"

"இந்தக் காலத்துல பிரிட்ஜு இல்லாத வீட்டுல எவன் சம்பந்தம் பண்ணுவான்?"

"தெருவுல எல்லா வீட்டுக்குமா பொண்ணு கேட்டு வருவாக?"

"மொத வீட்டக் கேட்டாக, நல்லவிதமாச் சொன்னேன். அடுத்த வீட்டக் கேட்டாக. அங்கயும் ஒரு பொண்ணு இருக்கு. அதுக்கு அடுத்த வீட்டுல பையன். ஒரு வீட்டுக்குச் சொல்லி இன்னொரு வீட்டுக்குச் சொல்லலைன்னா நாளைக்கி என் மூஞ்சில முழிப்பாகளா?"

"கடைசி வீட்டுல மலைக்குப் போற ஒத்தக் கிழவி. அவுகளுக்குமா?"

"அதுக்கு ஆடு மட்டுந்தான் சொன்னேன்" என்றார்.

திரும்பி வரும்போது அம்மா, "திட்டக்கூட முடியலண்ணே. நல்லதுதான சொல்லியிருக்காரு" என்றார்.

மகள் எங்களுக்கு முன்னால் நடந்தாள். என் வீட்டு வாசலில் நின்று, "நான் எடுத்த ஊர்லயும் எல்லாம் பூட்டின வீடுதான். ஒரு டீக்கடைக்காரரக் கேட்டு எழுதிட்டு வந்தேன். நானும் பதினாலு வீட்டுக்கு மாடு குடுத்துருக்கேன்" என்றாள்.

மறுநாள் நான் செய்ய வேண்டியதைச் செய்யப் போனேன். அதாவது ஐந்து மணிக்குத் தெருமுனையில் நின்று, அவர்களோடு ஜீப்பில் ஏறினேன். பதினாறு பேர் இருந்த இடத்தில் பதினேழாவதாக என்னைச் செருகினார்கள். விஷயம் அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. அழுவார்கள் என்று எதிர்பார்த்துக் குறிப்பேட்டை எடுத்து வைத்திருந்தேன்.

"ஏத்தா, ஒனக்கு என்ன குடுத்துருக்காரு?" என்று ஒரு பெண் தொடங்கினார்.

"ரெண்டு மாடு, பிரிட்ஜு" என்றார் சுவர் விழுந்த வீட்டம்மா.

"எனக்கு மோட்டாரு செட்டு. கெணறு இல்ல. மோட்டாரு மட்டும்."

"எம் மாமியாளுக்கு வெறும் ஆடாம்ல? ஏன் அந்த ஓரவஞ்சன?"

"இனிமே பொண்ணு கேட்டு வந்தா அந்தப் பேப்பர எடுத்துக் காட்டிருவோம்த்தா. கவருமெண்டே எழுதிக் குடுத்துருக்கு."

ஜீப்பை ஓட்டியவர் முன்னால் இருந்து குரல் கொடுத்தார். "இம்புட்டு வசதிய வச்சுக்கிட்டு ஏன் என் ஜீப்புல இப்பிடி நெருக்குறீக? ஆளுக்கொரு காரு வச்சுப் போகலாம்ல?"

"நீ ரோட்டப் பாத்து வெரசா ஓட்டுண்ணே. லேட்டானா அந்தத் தோட்டத்து சாரு 'எந்தா சேச்சி'ன்னு மலையாளத்துல ஆரம்பிச்சுருவாரு."

சிரிப்பு மூன்று வளைவுக்கு நீடித்தது. பிறகு மேகம் ஜீப்புக்குள் வந்தது. ஒவ்வொருவராகப் போர்த்திக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். சுவர் விழுந்த வீட்டம்மா மட்டும் என்னைப் பார்த்து, "சிரிக்கிறதுக்கு இவுகளுக்கெல்லாம் நாலு சுவரு நிக்கிதுண்ணே" என்றார். அதையும் சிரித்தபடிதான் சொன்னார்.

அன்று மாலை திருத்தச் செய்தி ஒன்று எழுதி அனுப்பினேன். மதுரையிலிருந்து உதவி ஆசிரியர் பேசினார். "ஒழிஞ்சதுன்னு போட்டாச்சு. இப்ப திரும்ப வந்துருச்சுன்னு போட்டா, எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு யாருகிட்ட கருத்துக் கேப்பீங்க?" என்றார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. செய்தி வரவில்லை.

மகள் தினமும் கல்லூரி விட்டதும் அலுவலகம் அலுவலகமாக நடந்தாள். ஓரிடத்தில், மாடு இல்லை என்று மறுப்புத் தெரிவிக்கச் சான்று வேண்டும் என்றார்கள். சான்று தருபவரிடம் போனாள். இருப்பதற்குத்தான் சான்று தர முடியும், இல்லாததற்கு எப்படித் தருவது என்றார் அவர். கால்நடைத் துறையில் ஒருவர் உண்மையாகவே உதவ விரும்பினார். "மாட்டக் கொண்டாம்மா, பாத்துட்டு எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதை யோசித்து, வருத்தப்பட்டாராம். கடைசியில் ஒரு எழுத்தர், கிராம சபையில் சொல்லிப் பதிவுசெய்தால் மறுகணக்கெடுப்புக்கு வழி உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

காந்தி ஜெயந்தி அன்று காலை பதினோரு மணிக்குக் கிராம சபை. மலையில் காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். அன்றும் ஜீப்புகள் போய்விட்டன. கீழத்தெருவிலிருந்து வந்தவர்கள் மூவர்: வேலைக்குப் போகாமல் நின்ற அம்மா, மகள், பழைய ஜீப் ஓட்டுநர். நான்காவதாக நான். மற்றவர்கள் மேலத்தெரு நிலக்காரர்கள். தெருவிளக்கு பற்றிப் பேச வந்தவர்கள்.

ஓட்டுநர் மாமா தான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக மகளிடம் ஒத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கணக்கெடுப்பு அதிகாரி அவரை அழைத்ததும் எழுந்தார். சபையைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். இத்தனை பேர் நடுவில், கல்யாண வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, அவள் வீட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"ஐயா, ரெண்டு மாடு இருந்துச்சு. நாஞ் சொன்னது நெசந்தான். செத்துப்போச்சு."

"ரெண்டுமா?" என்றார் அதிகாரி.

"ரெண்டுந்தான்."

"எப்போ?"

"ஒண்ணு மொதல்ல. அந்த ஏக்கத்துல இன்னொண்ணு."

"பிரிட்ஜ்?"

மாமா சற்று யோசித்தார். "அதுவும் கொஞ்ச நாளா ஓடல" என்றார்.

மேலத்தெருக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. மாடுகள் இறந்ததற்கு மருத்துவர் சான்று இருக்கிறதா என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஒரு தாளில் எழுதியிருப்பதை இன்னொரு தாளால்தான் அழிக்க முடியும் என்று பழக்கப்படுத்தப்பட்டவர்.

மகள் எழுந்தாள். அம்மா அவள் துப்பட்டாவைப் பிடித்து, "உக்காரு ஆத்தா" என்றார் தாழ்ந்த குரலில். அந்த ஊருக்கு மருமகளாக வந்த நாள் முதல், எது இல்லையென்றாலும் இல்லை என்று ஊர் நடுவில் சொல்லாமல் வாழ்ந்தவர் அவர்.

"சார், மாடு சாகல. மாடே இல்ல. பிரிட்ஜும் இல்ல. எங்க வீட்டுக் கிழக்குச் சுவரு விழுந்து கெடக்கு. எங்கம்மா காலைல அஞ்சு மணிக்கு மலைக்குப் போறாங்க. நீங்க பத்து மணிக்கு ஆள் அனுப்புறீங்க. இவ்வளவுதான் சார் விசயம். இத எழுதிக்கோங்க."

"உக்காரும்மா, பாப்போம்."

"இன்னொண்ணும் இருக்கு. நானும் இதுல கணக்கு எடுத்தவதான். வேற ஊர்ல பதினாலு வீட்ட இதே மாதிரி தப்பா எழுதிருக்கேன். அதையும் திருத்தணும்."

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். தன் தவறைத் தானே வந்து சொல்கிற ஆளை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்போ எப்ப வரச் சொல்ற?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை."

அவர் அந்தச் சொல்லை முதன்முறையாகக் கேட்பவர்போல அவளைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை ஆப் ஓடுமான்னு சென்னைல கேக்கணும்."

கேட்டார். பதில் வரவில்லை. மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்ததில் அந்த வீட்டின் கிழக்குப் பக்கம் முழுக்கச் சரிந்தது. ஜீப்புப் பெண்கள் ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை அதிகாரி மகளைக் கைபேசியில் அழைத்தார். "எழுத்துல ஒண்ணும் தர முடியாது. நாளைக்குப் போய்ப் பாருங்க. ஓடுச்சுன்னா ஓடட்டும்" என்றார். அரசு செய்த உதவி என்று நான் எண்ணுவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அவர் செய்ய வேண்டிய அவசியமில்லாத ஒன்றைச் செய்தார்.

ஊர்வலத்தில் நடந்த அத்தனை மாணவர்களில் ஆறு பேர் வந்தார்கள். மஞ்சள் சட்டை இல்லை, தொப்பி இல்லை, மதியப் பொட்டலம் இல்லை. மூன்று பேர் அவள் எடுத்த ஊருக்குப் போனார்கள். மூன்று பேர் கீழத்தெருவுக்கு. செயலி ஓடியது. மற்ற நாள்களைவிட வேகமாகவே ஓடியது, வேறு யாரும் அதைத் தொடவில்லை என்பதால். இருபத்திரண்டு கதவுகளும் திறந்திருந்தன. ஓட்டுநர் மாமாவை அவர் மனைவி உள்ளே உட்காரவைத்து வாசலில் தானே நின்றுகொண்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசியில் ஒரு படம் எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வீட்டின் முன்னால் நிற்க வேண்டும். அம்மா உள்ளே போய், பெட்டியிலிருந்த அரக்கு நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து தார்ப்பாய்க்கு முன்னால் நின்றார். படம் எடுக்க வந்த மாணவன் கைபேசியைத் தூக்கினான், இறக்கினான்.

"அம்மா, கொஞ்சம் பழைய சேலையாக் கட்டிக்கிட்டா..."

"ஏன் அப்பு?"

"மேல பாக்குறவங்க தப்பா நெனச்சுருவாங்க."

"பழசா இருக்க வேண்டியது வீடுதான? அது இருக்கு. என்னையவா படம் பிடிக்க வந்த?"

மாணவன் எடுத்தான். அந்தச் சேலையால் பெயர் போய்விடுமோ என்று நான் பயந்தேன். அவர் பயந்ததாகத் தெரியவில்லை.

பட்டியல் கார்த்திகையில் வந்தது. அம்மாவின் பெயர் இருந்தது. அன்று அவர் மலையில். மகள்தான் போய்ப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அளவு போட இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். அந்தத் திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே வரைபடம். அதில் அடுப்படி கிழக்கில் இருந்தது. விழுந்த சுவர்ப் பக்கம்.

"இந்தப் பக்கம் தண்ணி நிக்கும். அடுப்பு அந்தப் பக்கந்தான்" என்றார் அம்மா.

"பிளான்ல இப்படித்தாம்மா இருக்கு. மாத்த முடியாது."

அம்மா வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "மாத்த வேணாம் அப்பு. பேப்பரத் திருப்பிப் பிடிங்க" என்றார்.

பொறியாளர் திருப்பிப் பிடித்தார். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுப்படிக்கான சுண்ணாம்புக் கோட்டை மேற்கில் போடச் சொன்னார்.